கண்டதைக் கற்று எழுதச் சொன்ன பெரியவர்: டாக்டர் ஜே.சி. குமரப்பா



மதுரையிலிருந்து திருமங்கலம் வழியாக ராஜபாளையம் செல்லும் சாலையில் டி. கல்லுப்பட்டி என்னும் ஊர் இருப்பதை நாம் எல்லோரும் அறிவோம். நம்மில் பலர் பஸ்ஸில் எத்தனையோ முறை அவ்வூரைக் கடந்து சென்றிருப்போம். ஆனால் உலகம் போற்றிய பொருளாதார அறிஞர் ஒருவர் தம் கடைசிக் காலத்தில் அந்த ஊரையே தம் வீடாகக் கொண்டு வாழ்ந்தார் என்பதை நம்மில் எத்தனை பேர் அறிவோம்? சென்ற ஆண்டு வரை நாங்களும் அறியவில்லை.

சென்ற ஆண்டு எங்கள் வகுப்பை அங்குள்ள காந்தி நிகேதன் ஆசிரமத்துக்கு அழைத்துச் சென்றார்கள். புளிசாதப் பொட்டலமும் பாட்டும் சிரிப்புமாகத்தான் புறப்பட்டோம். திரும்பி வரும்போது எங்களுக்குள் ஒரு சிறு வெட்கம் குடியேறியிருந்தது. அந்த வெட்கம் ஏன் வந்தது என்பதைப் பின்னால் சொல்கிறோம். முதலில் அப்பெரியவரின் வரலாற்றைக் காண்போம்.

இளமையும் கல்வியும்

1892ஆம் ஆண்டு ஜனவரி 4ஆம் நாள் தஞ்சாவூரில் ஒரு கிறிஸ்தவக் குடும்பத்தில் அவர் பிறந்தார். பெற்றோர் இட்ட பெயர் ஜோசப் செல்லத்துரை கொர்னேலியஸ். தந்தையார் பொதுப்பணித் துறையில் பணியாற்றியவர். சென்னையில் கல்வி கற்ற செல்லத்துரை, பிறகு கப்பலேறி லண்டன் சென்று கணக்குத் தணிக்கையில் தேர்ச்சி பெற்றார். 1919இல் தாயகம் திரும்பி, பம்பாயில் தணிக்கையாளராகத் தொழில் நடத்தினார். மேல்நாட்டு உடை, மேல்நாட்டு உணவு, கை நிறைய வருமானம் என்று வாழ்க்கை செழிப்பாகவே இருந்தது.

1927இல் அவர் அமெரிக்கா சென்றார். சிரக்யூஸ் பல்கலைக்கழகத்தில் பட்டம் பெற்று, பின்னர் நியூயார்க்கின் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் சேர்ந்தார். ஒருநாள் அங்கே ஒரு தேவாலயத்தில், இந்தியா ஏன் ஏழையாக இருக்கிறது என்பதைப் பற்றி உரையாற்றினார். அச்செய்தி நாளிதழில் வெளிவந்தது. அதைப் படித்த அவருடைய பேராசிரியர் செலிக்மன், அந்தக் கேள்வியையே ஆராய்ச்சிப் பொருளாக எடுத்துக்கொள்ளும்படி கூறினார்.

கணக்காளர் அல்லவா! உணர்ச்சியோடு பேசுவது வேறு, கணக்கோடு எழுதுவது வேறு என்று அவருக்குத் தெரியும். இந்தியாவை ஆண்ட ஆங்கில அரசின் வரவு செலவுகளைப் புரட்டிப் பார்த்தார். வரிப்பணம் எங்கிருந்து வருகிறது, எங்கே போகிறது என்று தேடத் தேட அவர் மனம் மாறியது. வெள்ளையர் ஆட்சியில் நம்பிக்கை கொண்டிருந்தவர், தாம் படித்துக் கண்ட எண்களாலேயே தேசபக்தர் ஆனார். தம் குடும்பத்தின் பழைய பெயரை மீண்டும் ஏற்றுக் குமரப்பா ஆனதும் இக்காலத்தில்தான்.

சாபர்மதியில் ஒரு பிற்பகல்

தாம் எழுதிய ஆராய்ச்சி நூலைக் காந்தியடிகளிடம் காட்ட விரும்பி, 1929ஆம் ஆண்டு மே 9ஆம் நாள் சாபர்மதி ஆசிரமத்துக்குச் சென்றார் குமரப்பா. பட்டு உடையும் கைத்தடியுமாக, குறித்த நேரத்துக்கு முன்பே போய்விட்டார். அங்கே சாணம் மெழுகிய தரையில், மரத்தடியில், ஒரு முதியவர் அமர்ந்து நூல் நூற்றுக்கொண்டிருந்தார். நூற்பதை இதற்கு முன் பார்த்திராத குமரப்பா, கைத்தடியை ஊன்றியபடி நின்று வேடிக்கை பார்த்தார். சற்று நேரம் கழித்து அம்முதியவர் நிமிர்ந்து, வந்திருப்பவர் குமரப்பாதானா என்று கேட்டபோதுதான் அவர் காந்தியடிகள் என்பது புரிந்தது. மடிப்புக் கலையாத உடையைப் பற்றிய எண்ணத்தை விட்டுவிட்டுக் குமரப்பா அந்தத் தரையிலேயே அமர்ந்தார். அன்று தரையில் அமர்ந்தவர், பிறகு தம் வாழ்நாள் முழுவதும் ஏழைகளின் தரையை விட்டு எழவே இல்லை எனலாம்.

காந்தியடிகள் அவர் நூலைத் தம் 'யங் இந்தியா' இதழில் தொடராக வெளியிட்டார். அத்துடன் ஒரு வேலையும் தந்தார். குஜராத்தில் கேடா மாவட்டத்து மாத்தர் தாலுகாவின் கிராமங்களை நேரில் ஆராய வேண்டும் என்பதே அது.

மாணவர்கள் எழுதிய உண்மை நூல்

தோழியரே, இந்த இடத்தில்தான் நம்மைப் போன்ற மாணவர்கள் குமரப்பாவின் வரலாற்றுக்குள் வருகிறார்கள். குஜராத் வித்யாபீடத்தின் மாணவர்களை அழைத்துக்கொண்டு அவர் புறப்பட்டார். 1929ஆம் ஆண்டின் முடிவிலும் 1930ஆம் ஆண்டின் தொடக்கத்திலும் அவர்கள் 54 கிராமங்களில் விவரம் சேகரித்தார்கள். எவ்வளவு நிலம், என்ன மண், எத்தனை மாடு, எவ்வளவு கடன், அடுப்பில் என்ன வேகிறது என்று கேட்டும் பார்த்தும் குறித்துக்கொண்டார்கள்.

அம்மாணவர்கள் செய்ததைச் சற்று எண்ணிப் பாருங்கள். கண்ணால் பார்த்தார்கள், எண்ணினார்கள். அரசாங்க ஏடுகளைப் படித்துத் தாங்கள் கண்டதோடு ஒப்பிட்டார்கள். பிறகு எழுதினார்கள். அதில் கற்பனை இல்லை, அலங்காரம் இல்லை. ஆனால் 1931இல் நூலாக வந்த அந்த ஆய்வு, உழுபவனின் வறுமைக்கு அவனுடைய சோம்பல் காரணமன்று என்பதை எடுத்துக் காட்டியது.

உள்ளதை உள்ளபடி எழுதுவது அவருக்கு விரதம் போன்றது. 1934 ஜனவரியில் பீகாரில் பெரும் பூகம்பம் ஏற்பட்டபோது நிவாரண நிதியின் கணக்கைக் குமரப்பாவிடம் ஒப்படைத்தார்கள். தொண்டர்களின் சாப்பாட்டுச் செலவைக் கூட அணா அணாவாகக் கட்டுப்படுத்தினார். காந்தியடிகளும் உடன் வந்தவர்களும் அங்கே தங்கியபோது, அவர்கள் உணவுச் செலவையும் அந்த நிதியிலிருந்து தர முடியாது என்று மறுத்துவிட்டார். காந்தியடிகள் கோபிக்கவில்லை, மகிழ்ந்தார்.

மகன்வாடியில் விஞ்ஞானம்

1934 டிசம்பரில் அகில இந்திய கிராமத் தொழில் சங்கம் தொடங்கப்பட்டது. வார்தா நகரில் மகன்வாடி என்னும் தோட்டத்தில் அதன் அலுவலகம் அமைந்தது. அதை நடத்தும் பொறுப்பு குமரப்பாவுக்கு வந்தது. சி.வி. ராமன், ஜகதீச சந்திர போஸ் போன்ற விஞ்ஞானிகள் அச்சங்கத்தின் ஆலோசகர்களாக இருந்தார்கள் என்றால் நமக்கு வியப்பாக இருக்கிறது அல்லவா? குமரப்பாவுக்கு விஞ்ஞானம் என்பது கண்ணாடிக் குடுவைக்குள் மட்டும் இருப்பதன்று. அது உரலிலும் செக்கிலும் பனங்கருப்பட்டியிலும் எருக்குழியிலும் இருப்பது.

மகன்வாடியில் செக்கைச் சீர்திருத்தினார்கள். தேனீ வளர்த்தார்கள். கையால் காகிதம் செய்தார்கள். மண்ணெண்ணெய்க்குப் பதிலாகக் கிராமத்துத் தாவர எண்ணெயில் எரியும் 'மகன் தீபம்' என்ற விளக்கை உருவாக்கினார்கள். செய்து பார்த்ததோடு நின்றுவிடவில்லை. எண்ணெய், காகிதம், தேனீ, சோப்பு என ஒவ்வொரு தொழிலுக்கும் சிறு நூல்கள் வெளியிட்டார்கள். 'கிராம உத்யோக் பத்திரிகா' என்ற மாத இதழைக் குமரப்பா நடத்தினார். இயந்திர அரிசிக்கும் கைக்குத்தல் அரிசிக்கும் என்ன வேறுபாடு என்பது போன்றவற்றை அச்சங்கம் எளிய நடையில் மக்களுக்கு எடுத்துச் சொன்னது.

அந்த அரிசிச் செய்தியை இங்கே கொஞ்சம் விளக்குகிறோம். நெல்லின் உமியை நீக்கினால் அரிசியின் மேல் மெல்லிய தவிட்டுப் படலம் இருக்கும். உடலுக்கு வேண்டிய பி1 வைட்டமின் பெரும்பாலும் அதில்தான் உள்ளது. ஆலையில் அரிசியை வெள்ளை வெளேரென்று தீட்டும்போது அது தவிட்டோடு போய்விடுகிறது. வேறு சத்துணவு இல்லாமல் தீட்டிய அரிசியையே நம்பி வாழ்பவர்களுக்கு பெரிபெரி என்னும் நோய் வருகிறது. ஜாவா தீவில் எய்க்மன் என்ற டச்சு மருத்துவர், தீட்டிய அரிசியைத் தின்ற கோழிகள் கால் தளர்ந்து விழுவதைக் கவனித்தார். அந்தத் தடத்தில் நடந்த ஆராய்ச்சியே வைட்டமின்களைக் காட்டிக் கொடுத்தது. 1929இல் அவருக்கு நோபல் பரிசும் கிடைத்தது. நம் பாட்டிமார் நெல்லைப் புழுக்கிக் காயவைத்துக் குத்தினார்களே, அதிலும் விஞ்ஞானம் உண்டு. புழுக்கும்போது தவிட்டிலுள்ள சத்தில் ஒரு பகுதி அரிசிக்குள்ளேயே இறங்கிவிடுகிறது.

வேலையோடு பாடம்

1937 அக்டோபரில் வார்தாவில் ஒரு கல்வி மாநாடு கூடியது. டாக்டர் ஜாகீர் உசேன் தலைமையில் ஒரு குழு அமைத்தார்கள். அக்குழுவில் குமரப்பாவும் ஓர் உறுப்பினர். யாழ்ப்பாணத் தமிழரான ஈ.டபிள்யூ. ஆரியநாயகமும் அதில் இருந்தார். அவ்வாண்டு டிசம்பரில் அக்குழு தந்த திட்டமே ஆதாரக் கல்வி என்று பெயர் பெற்றது. 7 வயது முதல் 14 வயது வரை எல்லாக் குழந்தைகளுக்கும் தாய்மொழியில் கல்வி. ஒரு கைத்தொழிலை நடுவில் வைத்து, மற்றப் பாடங்களை அதனோடு இணைப்பது அதன் முறை.

அத்திட்டத்தை அறிந்தபோது எங்களை மிகவும் கவர்ந்தவை இரண்டு. பொது விஞ்ஞானப் பாடத்தில் செடி கொடி, விலங்கு, உடல் நலம், நட்சத்திரங்கள் ஆகியவற்றோடு பெரிய விஞ்ஞானிகளின் வரலாறுகளையும் சேர்த்திருந்தார்கள். தாய்மொழிப் பாடத்திலோ செய்யுளும் கதையும் மட்டும் இல்லை. நாளிதழைப் படித்துப் புரிந்துகொள்ளுதல், அகராதி பார்த்தல், ஒரு நூலின் பொருளடக்கத்தைக் கொண்டு வேண்டியதைத் தேடி எடுத்தல், அன்றாடம் நடப்பதை எளிய தெளிவான நடையில் எழுதுதல் ஆகிய திறமைகளையும் கேட்டார்கள். விஞ்ஞானம் ஒரு மணிக்கும் தமிழ் மறு மணிக்கும் என்று பிரிந்து கிடக்கவில்லை. பார்த்ததைப் படித்தறிவதும், அறிந்ததை எழுதிக் காட்டுவதும் ஒரே வேலையின் இரு கைகள் ஆயின.

ஓர் எடுத்துக்காட்டு சொல்கிறோம். ஒரு குழந்தை தக்ளியில் பஞ்சை நூற்கிறது. பஞ்சு எந்தச் செடியின் எந்தப் பகுதியிலிருந்து வந்தது என்பது தாவரவியல். முறுக்கினால் நூல் ஏன் வலுவாகிறது என்பது பௌதிகம். கரிசல் மண்ணில் பருத்தி ஏன் நன்றாக விளைகிறது என்பது பூகோளம். 840 கஜம் கொண்ட சிட்டங்கள் எத்தனை சேர்ந்தால் ஒரு பவுண்டு எடை வரும் என்று எண்ணி நூலின் நம்பரைக் காண்பது கணிதம். இன்று எவ்வளவு நூற்றேன், ஏன் அறுந்தது என்று குறிப்பேட்டில் எழுதுவது மொழிப் பாடம். இதில் காப்பியடிக்க இடமே இல்லை. அடுத்தவள் நூல் எத்தனை முறை அறுந்தது என்பது நம் நூலுக்குப் பொருந்தாதே!

இத்திட்டம் எல்லா இடத்திலும் வெற்றி பெற்றதென்று நாங்கள் கூறமாட்டோம். பிள்ளைகளைப் படிக்க அனுப்பினால் நூற்க வைக்கிறார்களே என்று வருந்திய பெற்றோர் உண்டு. நகரத்துப் பிள்ளைகளுக்கு ஏட்டுக் கல்வி, கிராமத்துப் பிள்ளைகளுக்குக் கைத்தொழிலா என்று கேட்டவர்களும் உண்டு. அந்தக் கேள்வியில் நியாயம் இல்லாமல் இல்லை. பிற்காலத்தில் ஆதாரப் பள்ளிகள் மெல்லக் குறைந்து போயின. ஆயினும் பார், படி, எழுது என்ற அதன் உயிர் பழசாகிவிடவில்லை என்றே எங்களுக்குத் தோன்றுகிறது.

சிறையும் எழுத்தும்

விடுதலைப் போரில் குமரப்பா பலமுறை சிறை சென்றார். ஜபல்பூர் சிறையில் இருந்தபோது இரண்டு நூல்களை எழுதினார். ஒன்று இயேசுநாதரின் வாழ்வையும் போதனையையும் பற்றியது. மற்றொன்று நிலைத்த பொருளாதாரம் பற்றியது. இரண்டாம் நூலை அவர் இயற்கையிலிருந்தே தொடங்கினார். புலி பிற உயிரைக் கொன்று வாழ்கிறது. குரங்கு தான் நடாத தோப்பில் புகுந்து பழம் பறிக்கிறது. பறவை தானே உழைத்துக் கூடு கட்டுகிறது. தேனீ தன் கூட்டம் முழுவதற்கும் உழைக்கிறது. தாயோ கைம்மாறு கருதாமல் குஞ்சுக்கு ஊட்டுகிறது. மனிதர் நடத்தும் பொருளாதாரமும் இவ்வாறு படிப்படியானது, கடைசிப் படியான சேவைக்கு நாம் உயர வேண்டும் என்பது அவர் கருத்து. உயிரியல் பாடத்தில் நாம் படிக்கும் பிராணிகளைக் கொண்டே பொருளாதாரம் எழுதிய அறிஞர் அவர்!

இவ்விரு நூல்களையும் படித்த காந்தியடிகள், வேடிக்கையும் அன்புமாகத் தெய்வ நூல் டாக்டர், கிராமத் தொழில் டாக்டர் என்று இரு பட்டங்களை அவருக்குச் சூட்டினார். எந்தப் பல்கலைக்கழகம் தரும் பட்டத்துக்கும் இவை குறைந்தவையா?

கல்லுப்பட்டிக் குடிசை

டி. கல்லுப்பட்டியில் வேங்கடாசலபதி என்ற காந்தியத் தொண்டர் 1940இல் காந்தி நிகேதனை நிறுவியிருந்தார். விடுதலைக்குப் பிறகு உடல் நலம் குன்றிய குமரப்பா, 1950களில் அங்கே வந்து தங்கினார். லண்டனையும் நியூயார்க்கையும் கண்டவர், சீனாவுக்கும் ரஷ்யாவுக்கும் ஜப்பானுக்கும் சென்று வந்தவர், நம் பக்கத்து மண்ணில் ஓர் எளிய குடிலில் வாழ்ந்தார். அவர் அறைச் சுவரில் ஓர் ஏழைக் கிராமவாசியின் படம் இருந்ததாம். தம் குருநாதர் காந்தியடிகள், அந்தக் குருநாதருக்கும் குரு இந்த ஏழை என்று வந்தவர்களுக்கு அவர் விளக்குவாராம்.

1960ஆம் ஆண்டு ஜனவரி 30ஆம் நாள் சென்னையில் குமரப்பா காலமானார். காந்தியடிகள் மறைந்ததும் ஒரு ஜனவரி 30 அன்றுதான் என்பதை நாம் அறிவோம். பன்னிரண்டு ஆண்டு இடைவெளியில், அதே நாளில் சீடரும் குருவைப் பின்தொடர்ந்தார்.

எங்கள் வெட்கம்

இனி, தொடக்கத்தில் சொன்ன வெட்கத்துக்கு வருவோம். நாங்கள் சென்ற ஆண்டுப் பரீட்சையில், பெரிபெரி எந்த வைட்டமின் குறைவால் வருகிறது என்ற கேள்விக்குச் சரியான விடை எழுதி முழு மதிப்பெண் பெற்றோம். ஆசிரமத்திலிருந்து திரும்பும் வழியில் சிஸ்டர் எங்களிடம் ஒரு சிறு கேள்வி கேட்டார். உங்கள் வீட்டில் தவிடு எங்கே போகிறது என்பதுதான் அது. பஸ்ஸே மௌனமாகிவிட்டது. நாற்பது பேரில் ஒருவருக்கும் உடனே விடை தெரியவில்லை. நாங்கள் எழுதிய விடைக்கும் எங்கள் சமையலறைக்கும் தொடர்பு உண்டென்று ஒருநாளும் நினைத்ததில்லை. நோட்ஸில் இருந்ததை மனப்பாடம் செய்தோம், பேப்பரில் கொட்டினோம், மறந்தோம்.

இந்த ஆண்டு எங்களை ஆரம்பப் பள்ளியின் நான்காம் வகுப்புத் தங்கைகளோடு இருவர் இருவராகச் சேர்த்தார்கள். வாரத்தில் ஒருநாள் ஒரு பொருளைப் பார்க்க வேண்டும், நூலகத்தில் அதைப் பற்றிப் படிக்க வேண்டும், பிறகு சொந்த வாக்கியத்தில் அரைப் பக்கம் எழுத வேண்டும். புத்தகத்தில் உள்ள வாக்கியத்தை அப்படியே எழுதக் கூடாது. கேட்பதற்கு எளிது. எங்களுக்கு அது பரீட்சையை விடக் கடினமாக இருந்தது. நான்கு வரி எழுதுவதற்குள் நோட்ஸின் வாக்கியங்களே வரிசையாக வந்து நின்றன. தங்கைகளுக்கோ அந்தச் சிரமமே இல்லை!

அரிசியைப் பற்றி எழுதும் வாரத்தில் ஒரு சிறுமி, தன் பாட்டி தவிட்டைத் தண்ணீரில் கலந்து மாட்டுக்கு வைப்பதைப் பார்த்து வந்திருந்தாள். நாங்கள் அவளுக்குத் தவிட்டைப் பற்றி ஒரு சிறு நூலிலிருந்து படித்துக் காட்டினோம். அவள் வெகுநேரம் பென்சிலைக் கடித்துக்கொண்டிருந்தாள். பிறகு, எங்கள் வீட்டில் சத்தை மாடும் சக்கையை நாங்களும் சாப்பிடுகிறோம், அதனால்தான் மாடு கொழுகொழுவென்று இருக்கிறது என்ற கருத்தில் எழுதி வைத்தாள். எழுத்துப் பிழை மூன்று இருந்தது. ஆனால் நாங்கள் முழு மதிப்பெண் வாங்கிய விடையை விட அந்த அரைப் பக்கம் பெரியது என்று எங்களுக்குப் பட்டது. மாடு கொழுத்ததற்குத் தவிடு மட்டுமே காரணமா என்று நாங்கள் கேட்டபோது, அடுத்த வாரம் புல்லையும் பார்த்துவிட்டு எழுதுகிறேன் என்றாள். விஞ்ஞானம் பிறக்கும் இடம் இதுதானோ!

தோழியரே! குமரப்பா தம் கண்ணால் கண்டார், நூல்களில் தேடினார், உண்மையை எழுதினார். அந்த எழுத்து ஏழைக்காக வாதாடியது. நாம் எல்லோரும் பொருளாதார மேதை ஆக முடியாமல் போகலாம். ஆனால் காணாததைக் கண்டதாகவும், புரியாததைப் புரிந்ததாகவும் எழுதாமல் இருக்க நம்மால் முடியும். பெற்றோர்களே! உங்கள் பிள்ளைகள் அடுப்பங்கரையிலும் வயலிலும் வந்து நின்று ஏன், எப்படி என்று தொணதொணத்தால் விரட்டிவிடாதீர்கள். அதுவும் அவர்கள் படிப்புத்தான்.

அடுத்த முறை பஸ் கல்லுப்பட்டியைக் கடக்கும்போது நாம் ஒரு நிமிடம் ஜன்னல் வழியே எட்டிப் பார்ப்போம். அங்கே வாழ்ந்து மறைந்த அப்பெரியவரை நன்றியோடு நினைப்போம். வீட்டுக்கு வந்ததும் ஒரு தாளை எடுத்து, அன்று நாம் உண்மையாகக் கண்ட ஒன்றை, நம் சொந்தத் தமிழில் எழுத முயல்வோமாக!

பத்தாம் வகுப்பு மாணவி